‘முதன்முறையாக’ என்றொரு பொய்

2016 ஜூன் 27 அன்று பிரான்ஸின் நீஸ் நகரில் ஐஸ்லாந்து இங்கிலாந்தை 2–1 என்று வீழ்த்தியது. ஆட்டம் முடிந்தபோது இங்கே பின்னிரவு இரண்டு மணி தாண்டிவிட்டது. தூக்கத்தைத் தொலைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருத்தி. மூன்றரை லட்சம் பேர்கூட இல்லாத ஒரு தீவு, கால்பந்தே எங்கள் பிள்ளை என்று சொல்லிக்கொள்ளும் நாட்டை மூட்டைகட்ட வைத்தது. யாருக்குத்தான் பிடிக்காது? காலையில் வகுப்புக்குப் போனதும் மாணவிகளிடம் பெருமையாகச் சொன்னேன்: “ஐஸ்லாந்து முதன்முறையாக ஒரு பெரிய போட்டித்தொடருக்கு வந்திருக்கிறது. வந்த முதல் முறையே காலிறுதி!”

நான் சொன்னது பொய். தெரிந்து சொல்லவில்லை. நாளேடுகள் சொன்னதை, வர்ணனையாளர்கள் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னேன். அதனால் அது உண்மையாகிவிடாது.

ஐஸ்லாந்து அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே, 2009இல் பின்லாந்தில் நடந்த ஐரோப்பியக் கோப்பையில் ஆடியிருந்தது. 2013இல் ஸ்வீடனில் நெதர்லாந்தை 1–0 என்று வென்று காலிறுதிக்கும் போயிருந்தது. ‘முதன்முறை’யும் முடிந்திருந்தது, ‘முதல் காலிறுதி’யும் முடிந்திருந்தது. ஆடியவர்கள் பெண்கள். அவ்வளவுதான் விஷயம்.

ஆண்கள் ஆடினால் அது ‘ஐஸ்லாந்து’. பெண்கள் ஆடினால் ‘ஐஸ்லாந்து பெண்கள் அணி’. ஆண்களின் அணிக்கு அடைமொழி தேவைப்படுவதில்லை. நாடு என்ற சொல்லையே அவர்கள் தங்கள் பெயருக்குப் பட்டா போட்டுக்கொண்டார்கள். பெண்கள் அந்த நிலத்தில் குடியிருக்கலாம், உரிமை கோரக்கூடாது. இதை வெறும் சொல் சண்டை என்று தள்ளிவிடுபவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. மைதானம், பணம், பதவி, நினைவு எல்லாம் இந்தச் சொல்லைப் பின்பற்றித்தான் பங்கிடப்படுகின்றன.

ஐஸ்லாந்து 1944இல் குடியரசானது. இரண்டே ஆண்டுகளில், 1946 ஜூலையில், அதன் ஆண்கள் அணி ரெய்க்யாவிக்கில் டென்மார்க்குடன் முதல் சர்வதேச ஆட்டத்தை ஆடி 3–0 என்று தோற்றது. பெண்களின் முதல் சர்வதேச ஆட்டம் 1981 செப்டம்பரில், ஸ்காட்லாந்தின் கில்மார்னக் நகரில் நடந்தது. நடுவில் 35 ஆண்டுகள். அந்த 35 ஆண்டுகளில் ஐஸ்லாந்துப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. 1972இலேயே தேசிய அளவில் பெண்கள் லீக் தொடங்கிவிட்டது. 1975 அக்டோபர் 24 அன்று, வீட்டு வேலை, அலுவலக வேலை இரண்டையும் போட்டுவிட்டு நாட்டின் பெண்களில் ஏறக்குறைய 90 சதவீதம் பேர் ஒருநாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1980இல் விக்தீஸ் ஃபின்போகாதோத்திர் மக்கள் வாக்கில் குடியரசுத் தலைவரானார். உலகிலேயே அப்படித் தேர்வான முதல் பெண் அவர். ஒரு பெண் நாட்டுக்குத் தலைவியான பிறகுதான், பதினொரு பெண்கள் நாட்டின் சட்டையைப் போட்டுக்கொண்டு பந்தை உதைக்க முடிந்திருக்கிறது. எது கடினமாக இருந்தது என்று பாருங்கள்.

கில்மார்னக்கில் அவர்கள் 3–2 என்று தோற்றார்கள். ஒரே ஒரு கோல் வித்தியாசம். அடுத்து, ஐரோப்பிய அளவில் பெண்களுக்கென்று நடந்த முதல் போட்டித்தொடரின் தகுதிச்சுற்றிலும் ஆடினார்கள். அதன் பிறகு? 1987, 1989, 1991 என மூன்று ஐரோப்பியத் தொடர்களுக்கு ஐஸ்லாந்து தன் பெண்கள் அணியின் பெயரையே கொடுக்கவில்லை. 1991 தொடர்தான் பெண்களின் முதல் உலகக் கோப்பைக்குப் போகும் ஐரோப்பிய வழியும்கூட. அந்த வழியின் வாசலுக்கே இவர்கள் அனுப்பப்படவில்லை.

இப்போது ஆண்கள் பக்கம் திரும்புங்கள். 1967 ஆகஸ்டில் கோபன்ஹேகனில் ஐஸ்லாந்து ஆண்கள் டென்மார்க்கிடம் 14–2 என்று தோற்றார்கள். பதினான்கு! அந்த நாட்டு மக்கள் இன்றும் மறக்காத தோல்வி அது. அதற்காக ஆண்கள் அணி வேண்டாம் என்று யாராவது முடிவெடுத்தார்களா? இல்லை. எடுத்திருக்கவும் கூடாது. தோற்பதும், தோற்றுத் தோற்றுக் கற்பதும் விளையாட்டின் உரிமை. அந்த உரிமை 1946இலிருந்து 2016 வரை எழுபது ஆண்டுகள் ஆண்களுக்குத் தங்குதடையின்றிக் கிடைத்தது. பெண்களுக்கோ ஒவ்வொரு ஆட்டமும் ‘இவர்கள் தேவையா’ என்ற கேள்விக்குப் பதில் எழுதும் தேர்வு.

பெண்கள் மறுபடி 1993ஆம் ஆண்டுத் தொடரின் தகுதிச்சுற்றுக்கு வந்தார்கள். அடுத்த தொடரிலேயே, 1994இல், ஐரோப்பாவின் கடைசி எட்டு அணிகளில் ஒன்றாக நின்றார்கள். எதிரணி இங்கிலாந்து. இரண்டு ஆட்டங்களிலும் 2–1 என்றுதான் தோற்றார்கள். நீஸ் இரவுக்கு 22 ஆண்டுகள் முன்பே இங்கிலாந்துக்கு வியர்க்க வைத்த ஐஸ்லாந்துக்காரர்கள் இருந்தார்கள் என்பதை 2016இல் எந்த வர்ணனையாளரும் நமக்குச் சொல்லவில்லை.

2008 அக்டோபர் வந்தது. அந்த மாதம்தான் ஐஸ்லாந்தின் மூன்று பெரிய வங்கிகளும் சீட்டுக்கட்டாகச் சரிந்தன. அதே மாதக் கடைசியில், உறைந்து கிடந்த ரெய்க்யாவிக் மைதானத்தில் பெண்கள் அயர்லாந்தை 3–0 என்று வென்று ஐரோப்பியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். அந்த நாட்டின் கால்பந்து வரலாற்றில் முதன்முறை என்று சொல்வதானால் அந்த இரவைத்தான் சொல்ல வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு குரல் எழும், எனக்குத் தெரியும். “பெண்கள் போட்டி எளிது. ஆண்கள் போட்டியோடு ஒப்பிடலாமா?” ஒப்பிடுவோம். 2009இல் பெண்களின் ஐரோப்பியக் கோப்பைக்குள் நுழைய முடிந்தது 12 அணிகளுக்கு. 2013இலும் 12தான். 2016இல் ஆண்களுக்கு இடம் 24. அதுவரை 16ஆக இருந்ததை அந்த ஆண்டுதான் 24 ஆக்கினார்கள். பாதி அகலமுள்ள வாசல் வழியாகப் பெண்கள் ஏழு ஆண்டுகள் முன்பே உள்ளே போனார்கள்.

“ஆனால் பல நாடுகளில் பெண்கள் கால்பந்து வளரவேயில்லையே” என்பது அடுத்த குரல். ஏன் வளரவில்லை? இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 1921இல் தன் உறுப்பினர் கழகங்களின் மைதானங்களைப் பெண்களுக்கு மூடியது. திறக்க ஐம்பது ஆண்டுகள் ஆயின. மேற்கு ஜெர்மனி 1955இல் போட்ட தடையை 1970இல்தான் நீக்கியது. காலைக் கட்டிப்போட்டவனே ‘ஓடத் தெரியவில்லை’ என்று மதிப்பெண் போடுகிறான்.

மார்க்ரெட் லாரா விதார்ஸ்தோத்திர் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நானும் தேடிப் போகும்வரை கேள்விப்படவில்லை. ஐஸ்லாந்துக்காக 124 ஆட்டங்களில் 79 கோல்கள் அடித்தவர். ஆண்கள் அணியின் சாதனை, 2023இல் முறியடிக்கப்பட்ட பிறகும், 27. பாதியைக்கூட எட்டவில்லை. அவர் பிறந்து வளர்ந்தது வெஸ்ட்மன் தீவுகளில். 2016இல் ஆண்கள் அணியின் பயிற்சியாளர்களில் ஒருவராக இருந்த ஹெய்மிர் ஹால்கிரிம்சனும் அதே தீவுக்காரர்தான். அவர் பல் மருத்துவர் என்ற சங்கதி உலகமெங்கும் போய்ச் சேர்ந்தது, நானும் ரசித்துப் படித்தேன். அவர் தொடக்க காலத்தில் பயிற்சியாளராகத் தொழில் பழகியது பெண்கள் அணிகளோடு என்ற சங்கதி மட்டும் வழியிலேயே தொலைந்துவிட்டது. ஆண்கள் பெற்ற வெற்றியின் அடித்தளத்திலும் பெண்களின் மைதானம் இருக்கிறது. கட்டடம் எழுந்த பிறகு அடித்தளம் மண்ணுக்குள் போய்விடுகிறது.

இனி பணத்துக்கு வருவோம். 2016 ஆண்கள் ஐரோப்பியக் கோப்பைக்கு ஒதுக்கிய மொத்தப் பரிசுப் பணம் 30 கோடியே 10 லட்சம் யூரோ. 2017 பெண்கள் ஐரோப்பியக் கோப்பைக்கு 80 லட்சம் யூரோ. இரண்டிலும் ஐஸ்லாந்து ஆடியது. ஒரே சங்கம், ஒரே கொடி, ஒரே தேசிய கீதம். 2018இல் ஐஸ்லாந்துச் சங்கம் இரு அணிகளுக்கும் வெற்றி ஊக்கத்தொகையைச் சமமாக்கியது. வரவேற்க வேண்டிய முடிவுதான். ஆனால் மேலே இருப்பவர்கள் ஒருவருக்கு அண்டாவிலும் ஒருவருக்குக் கிண்ணத்திலும் ஊற்றும்போது, கீழே கரண்டியைச் சமமாக்கி எவ்வளவு தூரம் போக முடியும்?

மைதானத்தையும் பாருங்கள். 2016இல் ஆண்கள் மார்செய்யின் பிரம்மாண்ட அரங்கிலும் பாரிஸ் அருகே பிரான்ஸின் தேசிய அரங்கிலும் ஆடினார்கள். 2022இல் இங்கிலாந்தில் பெண்களின் முதல் இரண்டு ஆட்டங்களுக்குக் கொடுத்தது மான்செஸ்டர் சிட்டி கழகத்தின் பயிற்சி வளாகத்தில் இருக்கும் சிறு மைதானம். அந்தத் தொடரில் அதன் கொள்ளளவு 4,700 பேர். அணியின் தலைவி சாரா பியோர்க் குன்னார்ஸ்தோத்திர் இது அவமரியாதை என்று வெளிப்படையாகச் சொன்னார்.

அதே சாரா பியோர்க் 2021இல் கர்ப்பமானபோது, அவர் ஆடிக்கொண்டிருந்த பிரெஞ்சுக் கழகமான லியோன் முழுச் சம்பளத்தைக் கொடுக்கவில்லை. ஓராண்டு முன்புதான் ஐரோப்பியக் கழகங்களின் சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் அதே கழகத்துக்காகக் கோல் அடித்திருந்தார். அவர் வழக்காடினார். பாக்கியாக 82,000 யூரோவுக்கு மேல் கொடுக்க வேண்டும் என்று ஃபிஃபா தீர்ப்பாயம் உத்தரவிட்டது. கோல் அடித்தால் நம் வீராங்கனை, கருவுற்றால் கணக்குப் புத்தகத்தில் ஒரு செலவு. பிரசவ விடுப்புக்குப் பிறகு வேலைக்குத் திரும்பிய எந்தப் பெண்ணுக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

கடைசியாக அதிகாரம். 2021 ஆகஸ்டில் ஐஸ்லாந்துக் கால்பந்துச் சங்கத்தின் தலைவர் குட்னி பெர்க்சன் தொலைக்காட்சியில் தோன்றி, வீரர்கள் மீது பாலியல் வன்முறைப் புகார் எதுவும் சங்கத்துக்கு வரவில்லை என்றார். மறுநாளே ஒரு பெண் அதே தொலைக்காட்சியில் முகம் காட்டிப் பேசினார். தேசிய அணி வீரர் ஒருவர் தன்னிடம் நடந்துகொண்ட விதம் சங்கத்துக்குத் தெரியும் என்றார். தலைவர் விலகினார், நிர்வாகக் குழுவும் விலகியது. ஒரே ஒரு பெண் வாய் திறந்ததும் ஆடிப்போன நாற்காலிகள் அவை. முப்பத்தைந்து ஆண்டு காத்திருப்பும் பெயர் கொடுக்காத தொடர்களும் அசைக்காத நாற்காலிகள்.

அந்த அக்டோபரில் தலைவராக வந்தவர் வாண்டா சிகுர்கெய்ர்ஸ்தோத்திர். தேசிய அணிக்கு ஆடியவர், பயிற்சியும் அளித்தவர். ஐரோப்பாவின் தேசியக் கால்பந்துச் சங்கங்களில் ஒன்றுக்குத் தலைமையேற்ற முதல் பெண். கைதட்டலாம். தட்டிவிட்டு ஒன்றைக் கவனியுங்கள். வீடு பற்றி எரிந்த பிறகுதான் சாவி பெண் கைக்கு வருகிறது. சாம்பலை அள்ளிக் கூட்டிப் பெருக்க. 2024இல் தலைமை மறுபடி ஓர் ஆணிடம் போனது.

ஐஸ்லாந்துப் பெண்கள் 2009, 2013, 2017, 2022, 2025 என்று தொடர்ந்து ஐந்து ஐரோப்பியக் கோப்பைகளுக்குப் போயிருக்கிறார்கள். ஐந்திலும் தலைமைப் பயிற்சியாளர் ஆண். திறமையான பெண் பயிற்சியாளர் அந்த நாட்டில் இல்லையா? எலிசபெத் குன்னார்ஸ்தோத்திர் இருக்கிறார். ஸ்வீடனின் கிறிஸ்டியான்ஸ்டாட் கழகத்தைப் பல ஆண்டுகள் நடத்தியவர். 2025 ஐரோப்பியக் கோப்பைக்கு அவரும் வந்தார், பெல்ஜியத்தின் பயிற்சியாளராக.

உலகப் பொருளாதார மன்றத்தின் பாலினச் சமத்துவப் பட்டியலில் 2009 முதல் ஐஸ்லாந்துதான் முதலிடம். அதைச் சொல்லித்தான் நம் வாயை அடைப்பார்கள்: “அங்கேயெல்லாம் சமத்துவம் வந்துவிட்டது.” நான் இதே நாட்டைத் தேர்ந்தெடுத்ததும் அதனால்தான். முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளையின் விடைத்தாளே இப்படி இருக்கிறதென்றால், தேர்வு தாளைத் திருத்துபவர்களைப் பற்றி நாம் பேச வேண்டியிருக்கிறது. சமத்துவம் வானிலையைப் போல ஒரு நாட்டில் தானாக வந்து சேர்வதில்லை. ஒவ்வொரு துறையிலும், ஒவ்வொரு வாக்கியத்திலும் தனித்தனியாகப் பிடுங்கித்தான் பெற வேண்டியிருக்கிறது.

ஐஸ்லாந்தியப் பெயர்களின் இறுதியில் வரும் ‘தோத்திர்’ என்றால் மகள் என்று பொருள். மகள்கள் முதலில் போனார்கள். மகன்கள் பின்னால் வந்தார்கள். வரலாறு மகன்களைப் பார்த்து ‘முதன்முறையாக’ என்று எழுதியது.

எனவே என் மாணவிகளிடம் நான் திருத்திச் சொல்ல வேண்டியதை உங்களிடமும் சொல்கிறேன். இனி எங்கே ‘முதன்முறையாக’ என்று படித்தாலும் அந்த வரியைக் கடந்து போகாதீர்கள். யாருக்கு முதன்முறை என்று கேளுங்கள். நாட்டின் அணி என்று எழுதியிருந்தால், அது ஆண்கள் அணி என்றால், பேனாவை எடுத்து ‘ஆண்கள்’ என்று பக்கத்தில் எழுதுங்கள். பாடப் புத்தகமாக இருந்தாலும், பொது அறிவுக் கையேடாக இருந்தாலும், உங்கள் ஆசிரியை சொன்னதாகவே இருந்தாலும்.