பட்டா யார் பெயரில்?

அண்மையில் ஒரு சிற்றிதழ் மதம் குறித்துச் சிறப்பிதழ் கொண்டுவந்தது. அதன் முகப்புக் கட்டுரை ஒரு தீர்ப்பை வழங்குகிறது. கோவிலையோ தேவாலயத்தையோ விட்டு வெளியேறுகிறவன் கடவுளையும் அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டுமாம். மதத்தை உதறிவிட்டு நம்பிக்கையை மட்டும் வைத்துக்கொள்பவன் பாதி வழியில் பயந்து நின்றவனாம்.

எழுதியவர் பகுத்தறிவாளர். ஆனால் இந்தத் தீர்ப்பில் எந்த மடாதிபதியும் மகிழ்ச்சியோடு கையெழுத்துப் போடுவார். எங்கள் வாசல் வழியாக வராத பக்தி பக்தியே அல்ல என்றுதானே அவரும் சொல்கிறார்? நம்பிக்கைக்கான பட்டா நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது என்பதில் இருவருக்கும் சச்சரவு இல்லை. ஒருவர் அங்கே வேலி போட்டுக் காவல் இருக்கிறார். மற்றவர் அது வெறும் தரிசு என்கிறார். பட்டாவே போலியாக இருக்கலாமே என்ற சந்தேகம் இருவருக்கும் வருவதில்லை.

பயந்து நின்றவர்கள் பட்டியல் போடுவதென்றால் இராமலிங்க அடிகளிலிருந்து தொடங்க வேண்டும். கந்தகோட்டத்து முருகனையும் தில்லை நடராசரையும் உருகிப் பாடியவர். 1867-இல் வடலூரில் தருமசாலை, 1872-இல் சத்திய ஞான சபை. 1873-இல் மேட்டுக்குப்பத்துப் பேருபதேசத்தில், சைவத்தின் மேல் தமக்கிருந்த பழைய பற்றை மறைக்காமல் சொல்லிவிட்டு, சைவம் வைணவம் முதலான எந்தச் சமயத்திலும் பற்று வைக்காதீர்கள் என்றார். சாதி, சாத்திரம், சடங்கு எல்லாம் போயின. கடவுள் போகவில்லை, அருட்பெருஞ்ஜோதியானார். தம் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்ற சண்டையில் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை இழுக்கப்பட்ட மனிதரைப் பயந்தவர் என்று சொல்லத் தனித் துணிச்சல் வேண்டும்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அவர் எழுப்பிய சபைக்குள்ளேயே லிங்கமும் சடங்கும் வந்து சேர்ந்தன. அவை அவருடைய நெறிக்கு முரணானவை என்று 2006-இல் அறநிலையத் துறை உத்தரவிட்டது. 2010-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. எளிய தமிழில் ஒருவர் சொன்னதை அவர் சொன்னபடியே எடுத்துக்கொள்ள ஓர் அரசுத் துறையும் ஒரு நீதிமன்றமும் தேவைப்பட்டிருக்கின்றன!

இங்கே ஒரு பழைய பித்தைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியவில்லை. எழுபதுகளின் இருத்தலிய மோகத்தில் டேனிஷ் தத்துவவாதி கீர்க்கேகார்ட் பெயரை உச்சரிக்காத இலக்கியக் கூட்டம் குறைவு. அவரும் நம்மைப் போல ஒரு சிற்றிதழ்க்காரர் என்பது மட்டும் ஏனோ பேச்சில் வராது. கோபன்ஹேகனில் ஓர் ஆயர் இறந்தார். அவரைச் சத்தியத்தின் சாட்சி என்று பிரசங்க மேடையில் புகழ்ந்தார்கள். அந்த எரிச்சல் 1855-இல் 'கணம்' என்ற இதழானது. கைக்காசு, ஒரே எழுத்தாளர், 9 இதழ்கள். அரசுச் சம்பளம் வாங்கும் பாதிரிமாருக்கும் கிறிஸ்துவுக்கும் என்ன உறவு என்று ஒவ்வொன்றிலும் கேட்டார். பத்தாவது இதழ் அச்சேறும் முன் தெருவில் விழுந்தார். மருத்துவமனையில் நற்கருணை பெறுகிறாயா என்று பாதிரியாரான நண்பர் கேட்டார். பாதிரியார் கையால் வேண்டாம், பொதுநிலையினர் ஒருவர் தந்தால் பெறுகிறேன் என்றார். அது கிடைக்காமலே இறந்தார். பிரார்த்திக்க முடிகிறதா என்றும் நண்பர் கேட்டிருந்தார். முடிகிறது என்பதே பதில். திருச்சபையை அந்த அளவுக்குத் தாக்கிய நாத்திகர்கள் எத்தனை பேர்?

கிறிஸ்துவைப் படித்தவர் அவர். அதனால்தான் திருச்சபையைச் சகிக்க முடியவில்லை. இங்கும் அப்படித்தான்: திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கத்தோலிக்கரின் புதைகுழிகளைப் பிரித்து நிற்கும் சுவரைப் பார்த்தபின் ஒருவர் பூசைக்குப் போவதை நிறுத்தலாம். வீட்டில் செபமாலையைத் தொடரவும் செய்யலாம். இவரிடம் போய், நீ இன்னும் கொஞ்சம் நடந்து எங்கள் பக்கம் வந்திருக்க வேண்டும் என்று சிறப்பிதழ் அறிவுரை கூறுகிறது. அவர் யாருடைய பக்கத்துக்கும் வரப் புறப்பட்டவர் அல்ல.

நம் இலக்கியச் சூழலுக்கு இது புரியாததில் வியப்பில்லை. இருத்தலியம் போய் அமைப்பியல் வந்தது, பின்நவீனத்துவம் வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு குருபீடமும் அடியார் கூட்டமும் உடன் வந்தன. முன்னுரை வாங்குவதே தீட்சை. குழுவை விட்டு விலகியவனுக்கு எழுதவே வராது என்று மறுமாதமே கண்டுபிடித்துவிடுவார்கள். விருதுக் குழுக்களில் யார் யாருக்குக் கொடுக்கிறார்கள் என்று பார்த்தால் குருபரம்பரையை வரிசையாக எழுதிவிடலாம். மடத்தை ஒழிக்க வந்தவர்கள் நடத்தும் மடங்கள் இவை. ஆகமமாவது அச்சில் கிடைக்கிறது. இவர்களுடைய விதிகள் வாய்மொழியாக மட்டுமே புழங்குகின்றன.

இந்த இதழில் நாத்திகர் எழுதலாம். மதத்துக்குள் இருந்துகொண்டே சண்டை போடுகிறவர் எழுதலாம். வெளியேறிய பிறகும் வேண்டிக்கொள்பவர் எழுதலாம். இவர்களில் யார் வீரர், யார் கோழை என்று சான்றிதழ் வழங்கும் வேலையை நாம் எடுத்துக்கொள்வதாக இல்லை. அதற்குச் சிறப்பிதழ்க்காரர்கள் ஏற்கெனவே அலுவலகம் திறந்துவிட்டார்கள்.