தப்புப் பொறுக்கும் வித்தை

நம்முடைய பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் கற்றுக்கொடுக்கிறோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது உண்மையல்ல. இங்கிலீஷில் தப்புப் பொறுக்கக் கற்றுக்கொடுக்கிறோம். சமையல் கற்றுக்கொள்வதும் அரிசியில் கல் பொறுக்குவதும் ஒன்றென்று எந்த வீட்டுப் பெண்பிள்ளையும் ஒப்புக்கொள்ள மாட்டாள். பரீட்சை நடத்துகிறவர்கள் மட்டும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு வாக்கியத்தைக் கொடுப்பார்கள். அதை நாலு துண்டாக நறுக்கி, எந்தத் துண்டில் பிழை என்று கேட்பார்கள். அல்லது ஒரு பகுதியைக் கோடிட்டுக் காட்டி, அதற்குப் பதிலாக எதைப் போட்டால் சரியாகும் என்று கேட்பார்கள். ஸ்டாஃப் செலக்‌ஷன் கமிஷன் பரீட்சையில் இது உண்டு. வங்கிப் பரீட்சையில் உண்டு. நம்முடைய பிளஸ் டூ வினாத்தாளிலேயே உண்டு. வங்கிக் குமாஸ்தா வேலைக்கான முதற்கட்டப் பரீட்சையில் இங்கிலீஷுக்கு 30 கேள்விகள், 20 நிமிஷம். கேள்விக்கு 40 விநாடி என்று கணக்காகிறது. தப்பாகச் சொன்னால் கால் மார்க் பிடித்தம். மற்றப் பகுதிகளைத் தமிழில் எழுதலாம் என்று இப்போது சலுகை வந்திருக்கிறது. இங்கிலீஷ்ப் பகுதிக்கு மட்டும் விலக்கில்லை. தேறியபின் அந்தக் குமாஸ்தா உட்காரப்போவது, நகை அடகு வைக்க வந்திருக்கும் ராமநாதபுரத்துக் கிழவிக்கு எதிரே. அவளிடம் அவர் எந்தப் பாஷையில் பேசப்போகிறார் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

கீழக்கரையில் ஒரு நண்பர் வீட்டில் இந்த வித்தையை நேரே பார்த்தேன். அவருடைய மகள் கல்லூரிப் படிப்பு முடித்துவிட்டு வங்கிப் பரீட்சைக்குத் தயார் செய்துகொண்டிருக்கிறாள். செங்கல் கனத்தில் ஒரு கைடு. "மாமா, இதிலே எங்கே தப்பு, சொல்லுங்க பாப்போம்" என்று நீட்டினாள். "தி லிஸ்ட் ஆஃப் போட்ஸ் ஆர் ஆன் தி டேபிள்" என்று இருந்தது. முதல் தடவை படித்தபோது அவளுக்குத் தப்பே தெரியவில்லையாம். இப்போது பத்து விநாடியில் பிடித்துவிடுகிறாள்.

அவளுக்கு முதலில் ஏன் தெரியவில்லை? ஒருமை பன்மை அறியாத பெண்ணா அவள்? வந்தான், வந்தாள், வந்தது, வந்தன என்று ஆளும் பாலும் எண்ணும் வினைமுற்றிலேயே ஒட்டிக்கொண்டு வருகிற பாஷையைத் தாய்ப்பாலோடு குடித்தவள். இங்கிலீஷ்காரனுடைய வினைச்சொல்லில் அந்தச் செல்வத்தில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் ஒரு 'எஸ்' தான். சங்கதி வேறே. 'படகுகளின் பட்டியல் மேஜைமேல் இருக்கிறது' என்று நாம் சொல்லும்போது, படகுகள் முன்னே போய்விடுகின்றன. பட்டியல் பின்னால் வந்து வினைக்குப் பக்கமாக நின்றுகொள்கிறது. குழப்பத்துக்கு இடமே இல்லை. இங்கிலீஷில் பட்டியல் முதலில் வந்துவிடுகிறது. படகுகள் குறுக்கே புகுந்து வினைச்சொல்லின் காதைக் கடிக்கின்றன. இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே பேச்சில் இந்த இடத்தில் சறுக்குவதுண்டு. கேள்வித்தாள் தயாரிக்கிறவருக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அந்தப் படகுகளைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்துகிறார். தூண்டிலில் புழு மாதிரி!

இந்த வித்தியாசத்தை அவளுக்கு யாரும் விளக்கவில்லை. 'ஆஃப்' என்று கண்டால் அதற்கு முன்னாலிருக்கும் சொல்லைப் பார், பின்னாலிருப்பதை அடித்துவிடு என்று ஒரு சூத்திரம் மட்டும் கொடுத்திருக்கிறார்கள். அவள் அடித்துவிடுகிறாள். மார்க்கும் வந்துவிடுகிறது. அது என்ன பட்டியல், யாருடைய மேஜை என்று அவள் படிப்பதே இல்லை. படித்தால் நேரம் போய்விடும்! ஒரு வாக்கியத்தின் பொருளைப் படிக்காமல் இருப்பதே திறமை என்று ஆகிவிட்ட பரீட்சையைப் பாஷைப் பரீட்சை என்று எப்படிச் சொல்லுவது?

இது நேற்று முளைத்த கூத்தல்ல. 1762-இல் ராபர்ட் லௌத் என்ற பாதிரியார் ஓர் இங்கிலீஷ் இலக்கணம் எழுதினார். அடிக்குறிப்புகளில் ஷேக்ஸ்பியரும் மில்டனும் செய்த பிழைகளை எடுத்துக்காட்டாக அடுக்கினார். ஷேக்ஸ்பியருக்கே இங்கிலீஷ் வரவில்லை என்றால் கீழக்கரைப் பெண்ணுக்கு எப்படி வரும்? 1797-இல் லிண்ட்லி மரே பிழையான வாக்கியங்களைத் திரட்டி, திருத்து திருத்து என்று ஒரு பயிற்சிப் புத்தகமே போட்டார். நம் தேசத்துக்கு அந்த வழக்கத்தைச் சுமந்துவந்த பல புத்தகங்களில் ரென் அண்ட் மார்ட்டின் பிரசித்தம். அந்த ரென் பம்பாய் மாகாணத்தில் கல்வி இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். 'போ ஜெஸ்ட்' என்ற சாகச நாவலும் எழுதியவர். நாவல் எழுதும்போது அவர் இலக்கணப் பயிற்சியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

நம்முடைய இலக்கணக்காரர்கள் இதைவிட மனிதத்தன்மை உள்ளவர்கள். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று ஏழு வகை வழுக்களைச் சொன்னார்கள். அங்கேயே நின்றுவிடவில்லை. வழு ஒரு பக்கம், வழாநிலை ஒரு பக்கம். நடுவில் வழுவமைதி என்று ஓர் இடம் ஒதுக்கினார்கள். தாய் தன் மகளை "வாடா ராஜா" என்று கொஞ்சினால் அது பால் வழுதான். ஆனால் உவப்பினால் வந்ததால் அமைந்துபோகும் என்றார்கள். சொன்னது யார், யாரிடம், எந்த மனநிலையில் என்று கேட்டபிறகே தீர்ப்பு. கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் பரீட்சையில் இந்தக் கேள்விகளுக்கு இடம் ஏது?

அதிலும் கீழக்கரையில் இது நடக்கிறதே என்பதுதான் எனக்கு ஆற்றாமை. சீதக்காதி வாழ்ந்த ஊர். மரைக்காயர்கள் இலங்கைக்கும் மலாய்க் கரைக்கும் மரக்கலம் ஓட்டி, போன இடத்துப் பாஷையில் பேரம் பேசித் திரும்பிய ஊர். டச்சுக்காரனோடும் இங்கிலீஷ்காரனோடும் கணக்குத் தீர்த்தவர்களை, வேற்றுமை உருபு சரியாகப் போட்டாயா என்று எந்தத் துறைமுகத்திலும் யாரும் கேட்கவில்லை. முத்தின் எடையும் விலையும் புரிந்ததா என்றுதான் கேட்டார்கள். 1898-இல் மறைந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் இங்கே இருந்துகொண்டு அரபுத் தமிழில் நூல்கள் செய்தார். அரபு எழுத்தில் தமிழ் ஒலிகளுக்காகப் புது அடையாளங்கள் சேர்த்து எழுதும் முறை அது. தப்புப் பொறுக்குகிற கண்ணோடு பார்த்தால் அந்த ஏட்டில் வரிக்கு வரி சிவப்பு மைதான். உள்ளே இருந்தது பல ஊர்ப் பெண்கள் மார்க்கம் கற்ற கல்வி.

இலக்கணமே வேண்டாமா என்று என்மேல் பாயவேண்டாம். சரக்குச் சீட்டில் ஒரு 'நாட்' விட்டுப்போனால் ஒரு குடும்பம் நடுத்தெருவுக்கு வரும் என்பது எனக்கும் தெரியும். பிழை திருத்தத்தான் வேண்டும். அவரவர் எழுதியதைத் திருத்தவேண்டும். தன் வாக்கியத்தில் தான் விட்ட பிழை உறைக்கும். ஏன் என்று தெரிந்தால் மறுபடி வராது. யாரோ ஒருவர் வேண்டுமென்றே கெடுத்துவைத்த வாக்கியத்தில் யாருக்கு என்ன உறைக்கும்?

இன்னொரு வேடிக்கை. இந்தச் சரக்கின் பெரிய வியாபாரிகளே கடையைக் கட்டிவிட்டார்கள். 1964-இல் தொடங்கிய டோஃபல் பரீட்சை, 2005-இல் இண்டர்நெட் வடிவத்துக்கு மாறியபோது தனி இலக்கணப் பகுதியை எடுத்துவிட்டு, வாயைத் திறந்து பேசச் சொன்னது. வாக்கியத் திருத்தத்துக்கே பேர்போன ஜீமேட், 2023 நவம்பரில் வந்த புது வடிவத்தில் அந்தப் பகுதியை அடியோடு தள்ளிவிட்டது. அமெரிக்காவில் கழித்துப்போட்டதை நாம் மட்டும் கண்ணில் ஒற்றிக்கொண்டிருக்கிறோம்.

"லட்சக்கணக்கான பேர் எழுதுகிறார்கள். ஒவ்வொருவரையும் ஒரு பாரா எழுதச் சொன்னால் திருத்துவது யார்? மிஷின் என்றால் பட்சபாதம் இல்லை" என்கிறார்கள். பட்சபாதம் இல்லையா? கைடுக்கும் கோச்சிங்குக்கும் பணம் கட்ட முடிந்தவன் பக்கம் அது சாய்ந்துதானே நிற்கிறது! திருத்த ஆள் இல்லை என்பதும் சாக்கு. வருஷாவருஷம் நம் மாகாணத்தில் ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் பிளஸ் டூ எழுதுகிறார்கள். கட்டுரை, கடிதம் எல்லாம் கையால் எழுதுகிறார்கள். வாத்தியார்கள் சில வாரங்களில் திருத்திக் கொடுத்துவிடுகிறார்கள். அதே வங்கிகள் அதிகாரி வேலைக்கு ஆள் எடுக்கும்போது, இரண்டாம் கட்டத்தில் ஒரு கட்டுரையாவது எழுதச் சொல்லுகின்றன. குமாஸ்தாவுக்கு மட்டும் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுத உரிமை இல்லை. அடுத்தவன் கெடுத்த வாக்கியம் போதும் என்று யார் முடிவு செய்தார்கள்?