முதல் ஆல்பத்துக்கு 10 ஆண்டு காத்திருந்த பாடகி!

பெரிய இசைத்தட்டுக் கம்பெனியில் ஒப்பந்தம் கிடைத்தால், ஓரிரு ஆண்டில் பாட்டுத் தொகுப்பு வெளிவரும் என்று எண்ணுவோம். அமெரிக்கப் பாடகி மிக்கி கைட்டனின் முதல் ஆல்பத்துக்கு 10 ஆண்டு ஆயிற்று. குரல் நன்றாக இல்லையா? குரலில் ஒரு குறையும் இல்லை. பின் ஏன்?

மிக்கி, டெக்சாஸ் மாநிலத்தில் 1983-ல் பிறந்தவர். கறுப்பினப் பெண். அவர் பாட விரும்பியது "கன்ட்ரி" பாட்டு. அமெரிக்க நாட்டுப்புற மக்களின் பாட்டு அது. காதல், குடும்பச் சண்டை, ரெயில் பயணம் எல்லாம் அதில் வரும். நாஷ்வில் நகரம்தான் அதன் தலைநகர்.

அது வெள்ளையரின் பாட்டு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை வேறு. அதில் ஒலிக்கும் பான்ஜோ வாத்தியமே, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் உண்டாக்கியது!

ரேடியோவின் கதவு

2011-ல் கேப்பிடல் கம்பெனி மிக்கியுடன் ஒப்பந்தம் செய்தது. 2015-ல் ஒரு பாட்டு ரேடியோவுக்குப் போனது. ஓரளவுதான் ஓடியது. ஆல்பம் வரவில்லை.

கன்ட்ரி பாட்டு புகழ் பெற ரேடியோவின் தயவு வேண்டும். அதே 2015-ல் ஒரு ரேடியோ ஆலோசகர் என்ன சொன்னார் தெரியுமா? கன்ட்ரி ரேடியோ என்ற பச்சைக் காய்கறிக் கலவையில் ஆண்கள்தான் கீரை. பெண்கள் நடுநடுவே போடும் தக்காளி என்றார்! பெண்களுக்கே இந்த நிலை. கறுப்பினப் பெண்ணுக்குக் கேட்க வேண்டுமா?

மற்றவர்களைப் போலவே பாடிப் பார்த்துச் சலித்த மிக்கி, தன் வாழ்க்கையையே பாட்டாக எழுதத் தொடங்கினார். 2020 மே மாதம் ஜார்ஜ் பிளாய்ட் என்ற கறுப்பர் போலீஸ்காரரால் கொல்லப்பட்டார். நாடே கொதித்தது. அடுத்த மாதம் மிக்கியின் "பிளாக் லைக் மீ" வெளிவந்தது. கறுப்பாகப் பிறந்தவர் படும் பாட்டைச் சொல்லும் பாட்டு அது. கன்ட்ரி தனிப் பாடலுக்கான கிராமி பரிசுப் போட்டிக்கு அது தேர்வாயிற்று. தனிப் பாடகியாக அந்தப் பட்டியலில் இடம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவரே.

பிறகுதான் ஆல்பம் வந்தது. 2021 செப்டம்பர் 24-ந் தேதி. 16 பாட்டுகள். சுருள் முடியை எண்ணிச் சிறுமிகள் வெட்கப்பட வேண்டாம் என்று ஒரு பாட்டு. தாய்மார்களுக்கு அது பிடிக்கும்.

மாலை உண்டு, இலை இல்லை

2022-ல் சூப்பர் பவுல் பந்தயத்தில் தேசிய கீதம் பாடும் கவுரவமும் கிடைத்தது. ஆனால் கன்ட்ரி ரேடியோவில் அவர் பாட்டு எதுவும் பெரிய வெற்றி பெறவில்லை. மேடையில் மாலை போட்டார்கள். பந்தியில் இலை போடவில்லை!

பியான்சேயின் கன்ட்ரி ஆல்பம் 2025-ல் கிராமி பரிசு பெற்றதே என்று கேட்கலாம். பியான்சே ஏற்கெனவே உலகப் புகழ் பெற்றவர். ரேடியோக்காரர் கதவைத் திறக்கும் வரை அவர் காத்திருக்க வேண்டியதில்லை. புதிதாக வருகிறவள் எங்கே போவாள்?

அந்த ஆல்பத்தில் லிண்டா மார்ட்டெல் என்ற மூதாட்டியின் குரலும் கேட்கிறது. அவரும் கறுப்பினக் கன்ட்ரி பாடகி. அவருடைய முதல் ஆல்பம் 1970-ல் வந்தது. கம்பெனியின் பெயர் "பிளான்டேஷன்". அடிமைகள் உழைத்த தோட்டங்களுக்கும் அதே பெயர்தான்! அவருக்கு இரண்டாவது ஆல்பம் வரவே இல்லை.

மிக்கியின் இரண்டாவது ஆல்பம் 2024-ல் வந்துவிட்டது.