சிரட்டைக்கு மூன்று கண்

போன அக்டோபர் கடைசியில், பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி. 31-ஆம் தேதி ஹாலோவீனாம். பிள்ளைகள் பயமுறுத்தும் பொருள் ஏதாவது வீட்டிலேயே செய்து கொண்டுவர வேண்டுமாம். என் மகள் உடனே ஆன்லைனில் பிளாஸ்டிக் மண்டை ஓடு தேட ஆரம்பித்துவிட்டாள்.

எனக்கு வேறு கவலை. ஒன்றாம் வகுப்புப் படிக்கும் பேத்திக்குப் பயம் ஏற்கெனவே தாராளமாக இருந்தது. எங்கள் தெருவில் புதிதாகக் கட்டுகிற வீட்டு வாசலில் ஒரு திருஷ்டி பொம்மை. உருட்டு விழி, கோரைப்பல், தொங்குகிற நாக்கு. அந்த இடம் வந்தாலே என் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். இவளிடம் இன்னொரு மண்டை ஓட்டைக் கொடுத்து என்ன செய்ய?

யோசித்துப் பார்த்தால், தேவதானப்பட்டியில் இருக்கிறவர்களுக்குப் பயமுறுத்தும் பொம்மை புதிதில்லை. குறுக்கே கட்டிய இரண்டு கம்பு, பழைய சட்டை, உள்ளே வைக்கோல், தலைக்குக் கவிழ்த்த மண்சட்டி, அதில் சுண்ணாம்புப் புள்ளி. காட்டில் குருவியை விரட்டவும், விளைச்சலில் கண் படாமல் இருக்கவும் வைத்ததுதானே? அது யாரையும் பிடித்துக்கொண்டு போக வந்ததில்லை. காவலுக்கு நிற்பது.

ஹாலோவீன் கதையும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் டர்னிப் கிழங்கைக் குடைந்து, முகம் செதுக்கி, உள்ளே விளக்கு வைத்தார்கள். கெட்ட ஆவி அண்டாது என்று நம்பிக்கை. அமெரிக்காவுக்குக் குடிபோனவர்களுக்கு அங்கே பூசணி எளிதாகக் கிடைத்தது, குடைவதற்கும் லேசு. அதனால் பூசணிக்கு மாறினார்கள். அவரவர் மண்ணில் விளைந்ததைத்தான் எடுத்திருக்கிறார்கள். நமக்குத் தென்னையும் வாழையும் இருக்கும்போது பிளாஸ்டிக் எதற்கு? பேத்தியும் நானும் மூன்று பொருள் செய்தோம். கையை விட்டு ஒரு பைசா போகவில்லை.

சிரட்டைப் பூதம்: தேங்காயை உடைத்துத் துருவியபின், கண் இருக்கிற பாதியை வெயிலில் காயவைத்து, நாரைச் சுரண்டிவிடுங்கள். மூன்று கண்ணில் இரண்டு கெட்டி, ஒன்று மட்டும் இளக்கம். முளை வருவது அதன் வழியாகத்தான். அதைப் பெரியவர்கள் ஸ்க்ரூடிரைவரால் குத்தி ஓட்டையாக்க வேண்டும். அதுதான் வாய். மற்ற இரண்டையும் சுற்றி சுண்ணாம்பால் வட்டம் போட்டால் முழிக்கிற கண்கள். கார்த்திகைக்கு வாங்கிய பேட்டரி விளக்கு வீட்டில் கிடந்தால், அதன்மேல் கவிழ்த்துவையுங்கள். இருட்டில் வாய் மட்டும் ஒளிரும்.

நார் வலை: மூன்று தென்னை ஈர்க்கை நட்சத்திரம் மாதிரிக் குறுக்கே வைத்து நடுவில் கட்டுங்கள். பூக்கட்டுகிற வாழைநாரைச் சிறிது நேரம் தண்ணீரில் ஊறவைத்து மெல்லியதாகக் கிழித்து, ஒவ்வொரு ஈர்க்கிலும் ஒரு சுற்றுச் சுற்றியபடி நடுவிலிருந்து வெளியே வாருங்கள். சிலந்திக்கு ஒரு கறுப்பு நூல் பந்து போதும். பக்கத்தில் காய்ந்த வாழைச்சருகு நாலைத் தொங்கவிட்டால், காற்றில் சரசரவென்று சத்தமும் வரும்.

நிழல் பேய்: பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் பேய் உருவம் வெட்டி, விளக்குமாற்றுக் குச்சியில் ஒட்டுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு செல்போன் டார்ச்சை வெள்ளைச் சுவரில் அடியுங்கள். தோல்பாவைக்கூத்தில் செய்கிற வித்தைதான். அட்டையை டார்ச்சுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் நிழல் கூரை வரை வளரும். சுவருக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கிவிடும்.

எங்கள் வீட்டில் விஷயம் மாறியது இங்கேதான். பேய் பெரிதானதும் பேத்தி கத்தினாள். குச்சியை அவள் கையில் கொடுத்தேன். "நீயே சின்னதாக்கு" என்றேன். சுருக்கினாள். மறுபடி பெரிதாக்கினாள். அரை மணி நேரம் விடவில்லை. கடைசியில் என்னைப் பயமுறுத்த ஆரம்பித்துவிட்டாள்.

சில எச்சரிக்கைகள். நார், சருகு, வைக்கோல் பக்கத்தில் மெழுகுவர்த்தி, அகல்விளக்கு வேண்டவே வேண்டாம். இந்த நாட்கள் தீபாவளியை ஒட்டி வருபவை. 2024-இல் இரண்டும் ஒரே நாளில், அக்டோபர் 31 அன்றே வந்தன. ஒரு வெடிப்பொறி போதும். மழைக்காலம் என்பதால் அலங்காரத்தைத் தாழ்வாரத்துக்குள் வையுங்கள், ஆனால் நடக்கிற வழியில் வேண்டாம். கைக்குழந்தை, வயதானவர்கள், நெஞ்சுவலிக்காரர்கள் முன்னால் திடீரென்று நீட்டி வேடிக்கை பார்க்கவும் கூடாது.

சிரட்டைப் பூதம் பள்ளிக்கூடம் போய் வந்தது. மறுநாள் காலை கடைக்குப் போகும்போது, புது வீட்டு வாசல் வந்ததும் பழக்கத்தில் முந்தானையை எடுத்து நீட்டினேன். பேத்தி வாங்கவில்லை. நின்று, அந்தப் பொம்மையை மேலும் கீழும் பார்த்தாள்.

"அம்மாச்சி, இதுக்குப் பல்லு சரியாவே வரையல. நம்ம பூதம்தான் நல்லா இருக்கு."