மணி அடித்தால் யாரைக் கேட்பது? ஜவுளிக்கடை ஊழியர்களின் தீப் பாதுகாப்புப் பயிற்சி குறித்து எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

பெரிய ஜவுளிக்கடைகளில் வேலை பார்க்கும் அனைவருக்கும் தீ விபத்துப் பயிற்சியை வேலை நேரத்திலேயே, சம்பளத்தோடு தர வேண்டும். வாட்ச்மேனோடும் மேனேஜரோடும் அது நின்றுவிடக் கூடாது. சேல்ஸ் பெண்ணுக்கும், பில் போடுபவருக்கும், தீபாவளிக்கென்று எடுக்கும் தற்காலிக ஆளுக்கும் வேண்டும். அபாய மணி அடித்தால் யார் உத்தரவுக்கும் காத்திராமல் வாடிக்கையாளரைக் கூட்டிக்கொண்டு வெளியேறும் உரிமையும் அவர்களுக்கு எழுத்தில் வேண்டும்.

2008 செப்டம்பரில் சென்னை ரங்கநாதன் தெருக் கடை ஒன்றில் தீப்பிடித்து ஊழியர்கள் இருவர் இறந்தார்கள். 2017 மே 31 அன்று தியாகராய நகரில் ஏழு மாடி ஜவுளிக்கடை எரிந்தது. மேல்மாடியில் சிக்கிய ஊழியர்களைத் தீயணைப்பு வீரர்கள் மீட்டார்கள். தீயை அடக்க ஒரு நாளுக்கு மேல் ஆயிற்று; கட்டடத்தையே இடிக்க வேண்டி வந்தது. அது பிடித்தது அதிகாலையில். ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை தியாகராய நகரில் ஒருமுறை நெரிபட்டவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பயிற்சியே இல்லை என்று எந்த முதலாளியும் சொல்வதில்லை. ஏப்ரலில் தீத்தொண்டு வாரம் வரும். கடை திறக்குமுன் பார்க்கிங்கில் ஒரு தட்டில் டீசல் ஊற்றிக் கொளுத்துவார்கள். மேனேஜர் பின்னை இழுத்துச் சிலிண்டரை அழுத்துவார், போட்டோ எடுப்பார்கள், எல்லோரும் கைதட்டிவிட்டு மாடிக்குப் போவார்கள். மூன்றாம் மாடிப் பட்டுப் பிரிவில் சிலிண்டர் எங்கே என்று அங்கே நிற்கும் பெண்ணைக் கேட்டால், "பொம்மைக்குப் பின்னாடி இருக்கும் சார்" என்பார். பொம்மையை நகர்த்தினால் அதன் பின்னால் அட்டைப்பெட்டி. அவசரப் படிக்கட்டின் ஒவ்வொரு திருப்பத்திலும் பிரிக்காத பார்சல் மூட்டை. கதவில் பூட்டு, சாவி சூப்பர்வைசர் பையில்.

பூட்டுவது திருட்டுக்குப் பயந்து. அந்தப் பயம் பொய்யென்று நாங்கள் சொல்லவில்லை. உள்ளிருந்து தள்ளினால் திறந்து, திறந்ததும் சத்தம் போடும் கதவுகள் இன்று கிடைக்கின்றன. ஒரு ஷோகேஸ் விளக்கு அலங்காரத்துக்குச் செலவழிப்பவர்களுக்கு அது பெரிய செலவல்ல.

பூட்டைவிட எங்களைக் கவலைப்பட வைப்பது வேறொன்று. 2012 நவம்பர் 24 அன்று டாக்கா அருகே ஆஷுலியாவில் தஸ்ரீன் ஆடை ஆலை எரிந்து குறைந்தது 112 பேர் இறந்தார்கள். அங்கே மணி அடிக்காமல் இல்லை. அடித்ததும் எழுந்தவர்களை, போய் வேலையைப் பாருங்கள் என்று மேலாளர்கள் திருப்பி அனுப்பியதாகத் தப்பியவர்கள் சொன்னார்கள். நம் கடைகளில் அப்படித் திருப்பி அனுப்ப ஆள்கூட வேண்டாம். சரக்கு குறைந்தால் சம்பளத்தில் பிடிக்கும் கடையில், விரித்துப் போட்ட இருபது புடவையை விட்டுவிட்டு எந்தப் பெண் ஓடுவாள்? மடித்து வைத்துவிட்டுத்தான் திரும்பிப் பார்ப்பாள். ஆகவே ஒத்திகையின்போதோ உண்மையான விபத்திலோ விட்டு வந்த சரக்குக்கு ஒரு ரூபாய்கூடப் பிடிக்கக் கூடாது. இந்த ஒரு வரியை நியமனக் கடிதத்தில் சேர்க்காத கடையில் எந்தப் பயிற்சியும் பயன்படாது என்பது எங்கள் தீர்மானமான கருத்து.

ஒத்திகையை அவரவர் மாடியில், அவசரப் படிக்கட்டில் இறங்கிப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு இருமுறை, அதில் ஒன்று தீபாவளிச் சேர்க்கைக்குப் பிறகு. ஊழியர் விடுதிகளிலும் அப்படியே. இரவில் வெளியிலிருந்து பூட்டும் விடுதிக்கு உரிமம் இருக்கக் கூடாது.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 38ஆம் பிரிவு, தப்பும் வழி தொழிலாளர் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும், போதிய பயிற்சியும் தந்திருக்க வேண்டும் என்று சொன்னது. மாடியில் தறி இருந்தால் ஒரு நீதி, புடவை இருந்தால் இன்னொரு நீதியா? அதே சொற்களைத் தமிழக அரசு கடைகளுக்கும் விதியாக்க வேண்டும். நாள் முழுக்க நின்றவர்களுக்கு உட்கார இருக்கை தர 2021இல் கடைகள் சட்டத்தைத் திருத்திய அரசுக்கு இது முடியாத காரியமில்லை.

துணி எடுக்க வருகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பில் போடுமுன், "தீப்பிடிச்சா எந்தப் பக்கம்மா போகணும்?" என்று சேல்ஸ் பெண்ணிடம் கேளுங்கள். அவர் பதில் சொல்லாமல் சூப்பர்வைசர் முகத்தைப் பார்த்தால், அந்தக் கடையின் பெயரை எங்களுக்குத் தெரிவியுங்கள்.