ஆஸி இல்லாத சபாத்தும் சபாத்தான்

பிளாக் சபாத்தின் ஆல்பங்களை மோசமானதிலிருந்து சிறந்தது வரை வரிசைப்படுத்தச் சொன்னால், ஹெவி மெட்டல் ரசிகர்களில் பெரும்பாலோர் கண்ணை மூடிக்கொண்டு ஒரே பட்டியலைத்தான் ஒப்பிக்கிறார்கள். உச்சியில் 1970 முதல் 1975 வரை வந்த ஆறு ஆல்பங்கள். அவற்றுக்குக் கீழே ஆஸி ஆஸ்போர்ன் பாடிய மற்ற மூன்று. மிச்சமெல்லாம் அடியில். போனால் போகிறதென்று 1980-இல் வந்த ‘ஹெவன் அண்ட் ஹெல்’லுக்கு மட்டும் நடுவில் ஓர் இடம். ‘ஆஸி இல்லாத சபாத், சபாத்தே அல்ல’ என்பதுதான் இந்த வரிசைக்கு அடித்தளம்.

2025 ஜூலை 5 அன்று பர்மிங்காமின் வில்லா பார்க் மைதானத்தில் ஆஸி கடைசியாக மேடையேறினார். பதினேழே நாட்களில் மறைந்துவிட்டார். அந்தத் துக்கத்தின் நடுவே இந்தக் கருத்தை மறுத்துப் பேச யாருக்கும் மனம் வந்திருக்காது. ஆனால் அஞ்சலி வேறு, தரவரிசை வேறு. ஆல்பங்களைத் தரம் பார்க்க உட்காரும்போது காது சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

முதலில் கணக்கு. 1970 முதல் 2013 வரை சபாத் வெளியிட்ட ஸ்டுடியோ ஆல்பங்கள் 19. அவற்றில் ஆஸி பாடியவை 9. டோனி மார்ட்டின் 5. ரோனி ஜேம்ஸ் டியோ 3. இயன் கில்லனும் க்ளென் ஹியூஸும் ஒவ்வொன்று. பத்தொன்பதிலும் இருப்பவர் ஒரே ஒருவர்: கிட்டார் கலைஞர் டோனி ஐயோமி.

‘மூல நால்வர் சேர்ந்தால்தான் சபாத்’ என்று வாதிடுவோர் உண்டு. நியாயமான வாதம்தான், ஆனால் அதைச் சொல்பவர்களே அதைக் கடைப்பிடிப்பதில்லை. 2013-இல் வந்த ‘தர்ட்டீன்’ ஆல்பத்தை ‘மூல சபாத்தின் மறுவருகை’ என்று கொண்டாடினார்கள். அதில் டிரம்ஸ் வாசித்தவர் பில் வார்ட் அல்ல, ரேஜ் அகெய்ன்ஸ்ட் தி மெஷின் குழுவின் பிராட் வில்க். ஆக, நால்வரில் மூவர். ‘ஹெவன் அண்ட் ஹெல்’லில் ஐயோமி, பேஸ் வாசிக்கும் கீஸர் பட்லர், பில் வார்ட் ஆகிய மூவரும் இருக்கிறார்கள். கில்லன் பாடிய ‘பார்ன் அகெய்ன்’ ஆல்பத்திலும் அதே மூவர். மூன்று ஆல்பங்களிலும் மூல உறுப்பினர் எண்ணிக்கை ஒன்றுதான். ஆஸி விடுபட்டால் ‘போலி’, வார்ட் விடுபட்டால் ‘அசல்’ என்பது எந்த ஊர் நியாயம்?

அடுத்து, சபாத்தின் ஒலி யாருடையது என்ற கேள்வி. அதன் பிறப்பிடம் பர்மிங்காமில் உள்ள ஓர் உலோகத் தகடு தொழிற்சாலை. பதினேழு வயது ஐயோமிக்கு அங்கே அது கடைசி நாள். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர் திரும்பிப் போக விருப்பமில்லாமல் இருந்தார். தொடங்கிய வேலையை முடித்துவிட்டு வா என்று அம்மா அனுப்பிவைத்தார். அன்று வழக்கமான ஆள் வராததால் பழக்கமில்லாத பிரஸ் இயந்திரத்தில் அவரை நிறுத்தியிருந்தார்கள். வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனியும் போயின. இடக்கைப் பழக்கம் உள்ளவருக்குக் கிட்டாரின் தந்திகளை அழுத்த வேண்டியது அந்த வலது கைதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, அதன்மேல் தோல் ஒட்டி, மெல்லிய தந்திகளை மாட்டி மறுபடி வாசித்தார். 1971-இன் ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’யில் தந்திகளின் சுருதியை மூன்று அரைச்சுரம் இறக்கினார். தந்தி தளர்ந்தது, விரலுக்கு நோவு குறைந்தது, ஒலி கனத்தது. பட்லரும் தன் பேஸைக் கூடவே இறக்கினார். ‘இன்டு தி வாய்ட்’ பாடலின் தொடக்கத்தில் தரை அதிர்வதுபோல் ஒலிப்பது இதனால்தான். அதற்குப் பிறகு வந்த டூம் மெட்டல் இசை முழுக்க இந்த ஆல்பத்துக்குக் கடன்பட்டது.

பாடல் வரிகள்? ‘வார் பிக்ஸ்’ உட்படத் தொடக்க கால வரிகளில் பெரும்பகுதியை எழுதியவர் பட்லர். ‘சபோட்டாஜ்’ ஆல்பத்தின் ‘தி ரிட்’ போன்ற சில பாடல்களே ஆஸியின் எழுத்து.

இதனால் ஆஸியின் பங்கு சிறிதாகிவிடாது. அந்தக் குரலில் உள்ள அச்சமும் புலம்பலும் வேறு எவருக்கும் வாய்க்காதவை. ‘அயர்ன் மேன்’ பாடலில் கிட்டார் ரிஃப் எந்தச் சுரத்தில் போகிறதோ அதே சுரத்தில்தான் அவர் குரலும் போகிறது. குரலும் கிட்டாரும் ஒன்றாகி நடப்பதுதான் அந்தப் பாடலின் பயங்கரம். ஆனால் அந்த வழியில் எட்டு ஆல்பங்கள் போனபின் குழு களைத்துவிட்டது.

டியோ வந்ததும் இந்த உறவே மாறியது. அவர் ரிஃபைப் பின்தொடரவில்லை. அதற்குக் குறுக்கே தனியாக ஒரு மெட்டைக் கட்டினார். ‘ஹெவன் அண்ட் ஹெல்’ தலைப்புப் பாடலைக் கவனமாகக் கேட்டால் புரியும். மாபெரும் ரிஃபுடன் தொடங்கும் பாட்டு, சரணம் வந்ததும் கிட்டாரை ஒதுக்கிவைக்கிறது. பட்லரின் பேஸ் மட்டும் நாடித்துடிப்பாக ஓடுகிறது, அதன்மேல் டியோவின் குரல் நிற்கிறது. ஏறக்குறைய ஏழு நிமிடங்கள். கடைசியில் வேகம் கூடிப் பாய்ந்து, பிறகு அகூஸ்டிக் கிட்டாரில் இறங்கி முடிகிறது. இதை ஆஸிக்காக ஐயோமி எழுதியிருக்கவே முடியாது. குரல் மாறியதால்தான் ஐயோமியின் கிட்டாருக்கே புதிய இடம் கிடைத்தது. டீப் பர்ப்பிள், ரெயின்போ குழுக்களோடு பணியாற்றிய தயாரிப்பாளர் மார்ட்டின் பர்ச் ஒவ்வொரு கருவியையும் துலக்கமாகக் கேட்கவைத்தார்.

‘ரசிகர்கள் டியோவை ஏற்கவில்லை’ என்பதும் உண்மையல்ல. ஆஸியுடன் வந்த 1976-இன் ‘டெக்னிக்கல் எக்ஸ்டஸி’யும் 1978-இன் ‘நெவர் சே டை’யும் பிரிட்டிஷ் பட்டியலில் முதல் பத்துக்குள் நுழையவில்லை. ‘ஹெவன் அண்ட் ஹெல்’ ஒன்பதாம் இடத்தைப் பிடித்தது. அமெரிக்காவில் பிளாட்டினம் விற்றது.

அந்த இரண்டு ஆல்பங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆஸி பாடினார் என்ற ஒரே காரணத்தால் இவை டியோ, மார்ட்டின் ஆல்பங்களுக்கு மேலே உட்கார்ந்திருக்கின்றன. 1977 இறுதியில் ஆஸி குழுவை விட்டுப் போனார். டேவ் வாக்கர் என்ற பாடகரை வைத்துப் புதிய பாடல்கள் உருவாயின. 1978 தொடக்கத்தில் திரும்பி வந்த ஆஸி அவற்றைப் பாட மறுத்துவிட்டார். டொரண்டோவின் குளிரில் பகலில் எழுதி இரவில் பதிவு செய்த அவசரம் ‘நெவர் சே டை’ முழுக்கத் தெரிகிறது. தந்தையை இழந்த ஆஸியின் துயரம் உள்ள ‘ஜூனியர்ஸ் ஐஸ்’ நல்ல பாடல், மறுப்பதற்கில்லை. ஆனால் ‘பிரேக்அவுட்’ சாக்ஸபோன் ஊதும் வெறும் கருவியிசை. ‘ஸ்விங்கிங் தி செயின்’ பாடியவர் பில் வார்ட்! ‘டெக்னிக்கல் எக்ஸ்டஸி’யின் ‘இட்ஸ் ஆல்ரைட்’டும் வார்டின் குரல்தான். ஆஸிக்காக உயர்த்தப்படும் ஆல்பங்களிலேயே ஆஸி முழுதாக இல்லை.

1983-இன் ‘பார்ன் அகெய்ன்’ கேலிக்கு ஆளான ஆல்பம். கொம்பு முளைத்த சிவப்புக் குழந்தை அட்டைப்படம், அடிக்கணக்கு மீட்டர்கணக்காக மாறி மேடைக்குள் அடங்காமல்போன ஸ்டோன்ஹெஞ்ச் அலங்காரம் என்று கதைகள் நிறைய. ஒலிக்கலவை மங்கலாக இருப்பதும் உண்மை. ஆனால் ‘ஸீரோ தி ஹீரோ’வின் ரிஃப் ஐயோமியின் மிகக் கனமான ரிஃப்களில் ஒன்று. அட்டையையும் மேடையையும் வைத்து ஆல்பத்துக்கு மதிப்பெண் போடக்கூடாது. பிரிட்டனில் அது நான்காம் இடம் வரை ஏறியது.

எல்லாரையும்விட அநீதிக்கு ஆளானவர் டோனி மார்ட்டின். இவரும் பர்மிங்காம்காரர்தான். ஆஸிக்கு அடுத்தபடி அதிக ஆல்பங்கள் பாடியவர். ஐ.ஆர்.எஸ். நிறுவனம் வெளியிட்ட அவருடைய நான்கு ஆல்பங்களும் நெடுங்காலம் அச்சில் இல்லை. இணைய இசைச் சேவைகளிலும் இல்லை. 2024 மே மாத இறுதியில் ‘அன்னோ டொமினி 1989–1995’ தொகுப்பாகத்தான் மறுபடி கைக்குக் கிடைத்தன. 1997-இல் ஆஸியுடன் மீண்டும் சேர்ந்தபின் நடந்த கச்சேரிகளில் டியோ, மார்ட்டின் காலப் பாடல்களுக்கு இடமே தரவில்லை. 2006-இல் ராக் அண்ட் ரோல் புகழ்மண்டபம் மூல நால்வரை மட்டும் ஏற்றுக்கொண்டது. கடையிலும் இல்லை, மேடையிலும் இல்லை, மண்டபத்திலும் இல்லை என்றால், மார்ட்டின் ஆல்பங்களைக் கேட்காமலேயே அடியில் தள்ளியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

1989-இன் ‘ஹெட்லெஸ் கிராஸ்’ அதற்குத் தக்க பதில். கோஸி பவலின் டிரம்ஸ் தனியாக அடித்துத் தொடங்கும் தலைப்புப் பாடலில், ஐயோமியின் ரிஃப் உள்ளே வரும் விநாடியிலேயே இது சபாத்தின் வீடு என்று தெரிந்துவிடும். பர்மிங்காமுக்குத் தெற்கே ரெடிச்சை ஒட்டிய ஓர் இடத்தின் பெயர் அது. ‘வென் டெத் கால்ஸ்’ பாடலில் குயின் குழுவின் பிரையன் மே ஒரு சோலோ வாசித்திருக்கிறார். மார்ட்டின் டியோவின் நகல் என்று சொல்வோர், மெதுவாக எரியும் ‘நைட்விங்’கை ஒருமுறை கேட்டுவிட்டுப் பேசட்டும்.

‘தர்ட்டீன்’ அமெரிக்காவில் சபாத்தின் முதல் நம்பர் ஒன். பிரிட்டனில் 1970-இன் ‘பாரனாய்ட்’டுக்குப் பிறகு முதல் நம்பர் ஒன். விற்பனையில் பெரிய வெற்றி. ஆனால் தயாரிப்பாளர் ரிக் ரூபின் குழுவை முதல் ஆல்பத்தின் வாசலுக்கே கூட்டிப்போகிறார். ‘எண்ட் ஆஃப் தி பிகினிங்’ குழுவின் பெயரையே தாங்கிய முதல் பாடலின் மறுநடை. ஆல்பத்தின் இறுதியில் ஒலிப்பதும் 1970-இல் கேட்ட அதே மழை, இடி, கோவில் மணி. பில் வார்டின் ஜாஸ் ஊசலாட்டம் இல்லாததால் தாளம் நேர்க்கோட்டில் போகிறது. மரியாதைக்குரிய ஆல்பம், நடுவில் நிற்க வேண்டியது.

பொதுக்கருத்து சரியாகச் சொன்னதும் உண்டு. ராப் பாடகர் ஐஸ்-டியை அழைத்து, பாடி கவுண்ட் குழுவின் எர்னி சி தயாரித்த 1995-இன் ‘ஃபர்பிடன்’ பலவீனமானது. 2024 தொகுப்புக்காக ஐயோமியே அதை மறுகலவை செய்ய வேண்டியிருந்தது. 1986-இன் ‘செவன்த் ஸ்டார்’ ஐயோமியின் தனி ஆல்பமாகத் தொடங்கி, நிறுவனத்தின் நெருக்குதலால் சபாத் பெயரில் வந்தது.

ஆகவே அடியிலிருந்து இப்படி வர வேண்டும்: 19-இல் ‘ஃபர்பிடன்’, 18-இல் ‘டெக்னிக்கல் எக்ஸ்டஸி’, 17-இல் ‘செவன்த் ஸ்டார்’, 16-இல் ‘நெவர் சே டை’. பத்தாம் இடத்தில் ‘தர்ட்டீன்’, அதற்கு மேல் ஒன்பதில் ‘ஹெட்லெஸ் கிராஸ்’. மூன்றில் ‘ஹெவன் அண்ட் ஹெல்’, இரண்டில் ‘பாரனாய்ட்’. முதலிடம், எந்தத் தயக்கமும் இல்லாமல், ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’க்கு.