கவசமும் கடமையும்

வளர்ந்த மனிதர் வெண்கவசம் பூண்டு வீதியில் நடப்பதைக் கண்டு, 'பிள்ளை விளையாட்டு' என எள்ளி நகையாடுவோர் உளர். நகைக்குமுன் அவர்கள் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

1977இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' திரைப்படத்தின் பேரரசுப் படைவீரரைப்போல் உடை பூணுவோரின் '501ஆம் லீஜியன்' என்னும் அமைப்பு, 1997இல் அமெரிக்காவில் தோன்றியது. அதில் சேர விழைவோர் பதினெட்டு வயது நிரம்பியவராய், சொந்தக் கவசம் உடையவராய் இருத்தல் வேண்டும். பலர் பிளாஸ்டிக் தகட்டை வெட்டி, ஒட்டி, தேய்த்துத் தம் கையாலேயே அதனைச் செய்கின்றனர். அது படத்தில் உள்ளவாறே அமைந்துள்ளதா எனச் சோதித்த பின்னரே அனுமதி கிட்டும். செல்வரேயாயினும், குறையுள்ள கவசத்துடன் உள்ளே நுழைய இயலாது. அக்கவசம் பூண்டு அவர்கள் மருத்துவமனைக் குழந்தைகளை மகிழ்விக்கச் செல்கின்றனர். அதற்கு ஊதியம் பெறுவதில்லை.

இதுவா பிள்ளை விளையாட்டு? 2019இல் வெளிவந்த 'தி மாண்டலோரியன்' தொடரின் படப்பிடிப்பில் கவச வீரர் போதாதபோது, படைப்பாளரே இவர்களை அழைத்து நடிக்கவைத்தனரே!

சந்தா செலுத்திப் பெயர் பதிந்ததோடு கடமை முடிந்ததெனக் கருதும் சங்க உறுப்பினர் எங்கும் உளர். அவர்களினும், முகம் மறைத்துத் தொண்டாற்றும் இவர்கள் மேலானவர். உழைத்துப் பெற்ற உறவே உறவு.